மேட்னிக்கு வந்த பாட்டிகள் எங்கே?

சென்னை அண்ணா சாலையில், காலை பத்தே முக்கால் மணிக்கு அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலிருந்து மேலே ஏறி வருகிறவர்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். தோளில் பையும் கையில் சாப்பாட்டுக் கூடையுமாக அலுவலகத்துக்கு ஓடுகிறவர்கள் ஒரு வகை. அவசரமே இல்லாமல், செல்போனில் டிக்கெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தேவி தியேட்டர் பக்கம் நடக்கிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையில் தலை நரைத்தவர் யாராவது தென்படுகிறாரா என்று தேடினால் ரொம்ப நேரம் தேட வேண்டியிருக்கும். நான்கு பேர், ஐந்து பேராகச் சேர்ந்து வருகிற கல்லூரிப் பிள்ளைகள்தான் அதிகம். வார நாள், காலைக் காட்சி, வகுப்பு இருக்கிற நேரம் என்பதையெல்லாம் யாரும் கேட்கக் கூடாது. அண்ணா சாலையின் மரபு அது. அவர்களுடைய தாத்தாக்களும் அப்படித்தான் வந்தார்கள்.

தமிழ்நாட்டில் சினிமா பார்ப்பது என்ற பழக்கத்துக்கே இந்தச் சாலைதான் தொட்டில். அண்ணா சாலை தலைமை அஞ்சலக வளாகத்தில் தபால்தலை சேகரிப்பாளர்கள் வந்து போகிற பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. 1913-ல் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர் அதுதான். தியேட்டராக அது இருந்தது இரண்டே ஆண்டுகள். பிறகு தபால் துறை வாங்கிக்கொண்டது. 1914-ல் ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டிதான் சென்னையில் ஓர் இந்தியருக்குச் சொந்தமான முதல் தியேட்டர். அது இப்போது இல்லை. அதன் பக்கத்திலேயே, ஒரு காலத்தில் ஆங்கிலப் படங்களுக்குப் பேர்போன கேசினோ மட்டும் எண்பது வயதைக் கடந்தும் நின்றுகொண்டிருக்கிறது. வெலிங்டன் என்ற தியேட்டரின் பெயர் வெலிங்டன் பிளாசா என்ற கட்டடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனந்த் போய்விட்டது. சிவாஜி கணேசன் குடும்பத்துக்குச் சொந்தமான சாந்தி, 2016-ல் கதவை மூடியது.

தியேட்டர்கள் போனதைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. அவற்றில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் அதிகம் பேசப்படாத கதை. ஏனென்றால் தியேட்டர் ஒரே நாளில் காலியாகவில்லை. வயது வயதாகக் காலியானது.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இந்தச் சாலையில் கடிகாரத்தைப் பார்த்தே கூட்டத்தின் வயதைச் சொல்லிவிடலாம். காலைக் காட்சி என்றால் மாநிலக் கல்லூரியிலிருந்தும் புதுக்கல்லூரியிலிருந்தும் வந்த இளவட்டங்கள். மேட்னி என்றால் பெண்கள். காலைச் சமையலை முடித்து, கணவனையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு, மாமியாரையும் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குழந்தைகளோடு வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டு பெரிய பிள்ளைகள் வீடு திரும்புவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது கணக்கு. மாலைக் காட்சி, ஆபீஸ் முடிந்து வருகிற அப்பாவோடு குடும்பம் மொத்தமும் பார்க்கிற காட்சி. இரண்டாவது ஆட்டம், கடையைச் சாத்திவிட்டு வருகிற ஊழியர்களுக்கும், ஹோட்டல் சர்வர்களுக்கும், மேன்ஷன் அறைகளில் புழுங்கிக்கொண்டிருந்த பிரம்மச்சாரிகளுக்கும்.

இதற்கெல்லாம் அடங்காத ஒரு தியேட்டரும் இருந்தது. ஜெமினி மேம்பாலத்துக்கு அருகில், 1964-ல் திறக்கப்பட்ட சஃபையர் வளாகத்தில் சஃபையர், எமரால்டு, ப்ளூ டைமண்ட் என்று மூன்று அரங்குகள். ப்ளூ டைமண்டில் காட்சி நேரமே கிடையாது. படம் காலையிலிருந்து இரவு வரை திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும். டிக்கெட் எடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். வெயிலுக்கு ஒதுங்குகிற விற்பனைப் பிரதிநிதியும், இன்டர்வியூ முடிந்து ரயிலுக்கு நேரம் இருக்கிற வெளியூர்ப் பையனும், பென்ஷன் வாங்கிவிட்டு ஏசியில் ஒரு தூக்கம் போட வந்த பெரியவரும் ஒரே வரிசையில் இருப்பார்கள். பெரியவர் படத்தின் பிற்பகுதியை முதலிலும் முற்பகுதியைப் பிறகும் பார்த்துவிட்டுத் திருப்தியாக வீட்டுக்குப் போவார். இன்றைக்குக் கதையை முன்னும் பின்னுமாகச் சொல்கிற இயக்குநர்களுக்கு அவர்தான் சரியான ரசிகர்.

அரங்குக்குள் இருந்த அந்தக் கலவை, வெளியே வரிசையிலும் இருந்தது. பெண்களுக்குத் தனி கவுன்டர், தனி வரிசை. ஆண்கள் வரிசையில் சட்டை கிழியும். பெண்கள் வரிசையில் டிக்கெட் கிடைக்கும். அதனால் முன்பின் தெரியாத பாட்டியிடம் காசை நீட்டி, "பாட்டிம்மா, எனக்கு ரெண்டு சேர்த்து வாங்கித் தாங்க" என்று கெஞ்சாத இளைஞன் அந்தக் காலத்தில் இல்லை. பாட்டியும் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாங்கித் தருவார். இடைவேளையில் அவன் அவருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுப்பதும் உண்டு. இப்போது செல்போனில் இருக்கை எண்ணைத் தொட்டு வாங்குகிறவனுக்கு எந்தப் பாட்டியின் தயவும் தேவையில்லை.

முதலில் விலகியவர்கள் மேட்னிக் கூட்டத்துப் பெண்கள்தான். 1975-ல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் படம் போட்டார்கள். பெட்டி இருந்த வீட்டு முற்றமே தியேட்டரானது. எண்பதுகளில் 'டெக்' வாடகைக்கு எடுத்து ஒரே ராத்திரியில் மூன்று படம் பார்க்கிற பழக்கம் தெருவுக்குத் தெரு பரவியது. 1993-ல் சன் டிவி வந்தது. அதன்பின் தொடர்கள் மதிய நேரத்தையும் பிடித்துக்கொண்டன. தியேட்டரில் ஒரு கதைக்கு இரண்டரை மணி நேரம் அழுதவர்கள், வீட்டில் ஒரே கதைக்கு இரண்டரை வருஷம் அழ ஆரம்பித்தார்கள். மேட்னி என்ற சொல் போஸ்டரில் மட்டும் மிஞ்சியது. மதிய வெயிலில் சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டு அண்ணா சாலையைக் கடந்த பெண்கள் கூட்டம், ஏறத்தாழ சத்தமே இல்லாமல் கலைந்துபோனது.

அடுத்தது முதியவர்கள். அவர்களுடைய விஷயத்தில் காரணம் ரசனை மட்டுமல்ல. கட்டடமும் ஒரு காரணம். 1970-ல் திறக்கப்பட்ட தேவி வளாகத்தில் தேவி பாரடைஸுக்குப் போனவர்களுக்குப் படம் மறந்திருந்தாலும் ஒன்று நினைவிருக்கும்: வளைந்து வளைந்து மேலே ஏறுகிற அந்தச் சாய்தளம். படியே இல்லாமல் நடந்து ஏறலாம். குழந்தைகள் அதில் ஓடுவார்கள். மூட்டு வலிக்காரர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறுவார்கள். இன்றைய மல்டிபிளக்ஸில் லிஃப்ட் இருக்கிறது, நகரும் படிக்கட்டு இருக்கிறது, கேட்டால் சக்கர நாற்காலியும் தருவார்கள். எல்லாம் அரங்கின் வாசல் வரைதான். உள்ளே நுழைந்த பிறகு, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாத செங்குத்தான படிகள், காலடியில் மினுக்கும் சின்ன விளக்குகள், ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்ட விளம்பரம். எழுபது வயதுக்காரருக்கு 'கே' வரிசை என்பது ஒரு சிறு மலையேற்றம். நடுவில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் இறங்கி மறுபடி ஏற வேண்டும். அந்த ஒரு கவலையிலேயே மதியத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள் உண்டு.

அதற்குமேல் குளிர். அதற்குமேல் சத்தம். அதற்குமேல் டிக்கெட். காசு இல்லாமல் அல்ல, வாங்கத் தெரியாமல். கவுன்டரில் கை நீட்டி வாங்கிப் பழகியவர்களுக்கு, செயலியைத் திறந்து, ஓடிபி வந்து, அது காலாவதியாவதற்குள் கண்ணாடியைத் தேடி எடுத்து எண்ணைப் போட்டு முடிப்பது பெரிய காரியம். மகனிடம் சொல்லிப் போடச் சொல்லலாம். "எந்தப் படம்ப்பா? யார்கூடப் போறீங்க? எப்படித் திரும்பி வருவீங்க?" என்று மூன்று கேள்வி வரும். சினிமாவுக்குப் போக மகனிடம் அனுமதி கேட்கிற நிலை, அப்பாவுக்குத் தெரியாமல் படம் பார்த்த தலைமுறைக்கு வந்திருக்கிறது.

ஆனால், முதியவர்களுக்கு தியேட்டர் ஆசையே போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. 2012 மார்ச்சில், பி.ஆர்.பந்துலுவின் 'கர்ணன்' புதுப்பிக்கப்பட்டு மறுபடி திரைக்கு வந்தது. 1964-ல் வெளியான படம். சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. என்.டி.ராமராவ் கிருஷ்ணராக வந்து நின்றதும் கையெடுத்துக் கும்பிட்ட பெரியவர்களையும், சிவாஜி வசனத்தை அவருக்கு ஒரு வார்த்தை முன்னதாகவே சொன்ன பெரியவர்களையும் அப்போது மல்டிபிளக்ஸ் ஊழியர்கள் வியப்போடு பார்த்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலில் ஜோடி சேர்ந்த 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தது. சென்னையில் 175 நாள் ஓடி வெள்ளிவிழாக் கண்டது. எழும்பூர் ஆல்பர்ட் தியேட்டரில் கட்அவுட்டுக்குச் சூடம் காட்டியவர்களில் பலருக்கு மூத்த குடிமக்களுக்கான ரயில் சலுகை வயது எப்போதோ வந்திருந்தது.

பிறகு 2022 செப்டம்பர் 30. 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம். 1950-ல் 'கல்கி' இதழில் அந்தத் தொடர் ஆரம்பித்தபோது பன்னிரண்டு வயதாக இருந்தவருக்குப் படம் வந்தபோது எண்பத்து நான்கு. வாரா வாரம் இதழுக்காகக் காத்திருந்து, வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டு, பிறகு கிழித்துச் சேர்த்துத் தைத்து பைண்டு செய்து வைத்தவர்கள். பத்து, பதினைந்து ஆண்டுகளாகத் தியேட்டர் வாசலை மிதிக்காத அவர்கள் பேரன் பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஊன்றுகோல்கள், காது கேட்கும் கருவிகள், தோளில் சால்வைகள். ராயப்பேட்டை சத்யம் வளாகத்தில் அன்றைக்கு வழக்கமான நேரத்துக்குக் கூட்டம் உள்ளே போய் முடியவில்லை. அவ்வளவு மெதுவாக நகர்ந்தது வரிசை. இடைவேளையில் "நந்தினி சரி, பூங்குழலிக்கு இவ்வளவுதானா?" என்று பேத்தியிடம் குறைப்பட்டுக்கொண்ட பாட்டிகளுக்குப் படம் பிடித்ததோ இல்லையோ, வெளியே வந்து மறுபடி கதையை முதலிலிருந்து சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்தது. அவர்களுக்கென்று ஒரு படம் வந்தால் படியும் குளிரும் ஒரு பொருட்டே இல்லை என்பதை அந்த இரண்டு வாரங்கள் காட்டின. அடுத்த ஆண்டு இரண்டாம் பாகத்துக்கும் வந்தார்கள். அதன்பின் அவர்களுக்கென்று வந்த படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2025 மே மாதம் வெளியான 'டூரிஸ்ட் ஃபேமிலி' மாதிரி, வாய்வழிப் பேச்சிலேயே குடும்பங்களை இழுத்து வந்த சின்னப் படங்கள் சில.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். பழைய படத்தை மறுவெளியீடு செய்வது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தாத்தாக்களுக்கான வியாபாரமாக இருந்தது. இப்போது அது பேரன்களுக்கான வியாபாரம். 2004 ஏப்ரலில் வந்த 'கில்லி', சரியாக இருபது ஆண்டு கழித்து 2024 ஏப்ரலில் மறுபடி வந்தபோது, திரைக்கு முன்னால் ஏறி ஆடியவர்களில் பாதிப் பேர் அந்தப் படம் முதலில் ஓடியபோது தொட்டிலில் கிடந்திருப்பார்கள். 'விண்ணைத்தாண்டி வருவாயா' 2010-ல் வந்த படம். அண்ணா நகர் மால் ஒன்றில் அதை மறுவெளியீடு செய்து, தினமும் ஒரு காட்சியாக ஆயிரம் நாளுக்கு மேல் ஓட்டினார்கள். தொலைக்காட்சியிலும் செல்போனிலும் நூறு தடவை பார்த்து வசனம் மனப்பாடமான படத்துக்கு ஏன் காசு கொடுத்துப் போகிறார்கள்? படம் பார்க்க அல்ல. கூடச் சேர்ந்து பாட, கத்த, அழ. வீட்டு ஹாலில் அதைச் செய்ய முடியாது. ஓடிடி வந்ததால் இளைஞர்கள் தியேட்டரை மறந்துவிடுவார்கள் என்று பயந்தவர்கள் பலர். நடந்தது தலைகீழ். கையில் எல்லாப் படமும் இருக்கிற தலைமுறைதான் கூட்டத்தைத் தேடி வருகிறது. செல்போனில் படம் தேடத் தெரியாத தலைமுறை, டிவியில் எது வருகிறதோ அதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறது.

இளைஞர்களின் அந்த உற்சாகத்துக்கு ஒரு விலையும் கொடுக்க நேர்ந்தது. பெரிய நடிகர்களின் படங்களுக்கு அதிகாலை நான்கு மணிக் காட்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். 2023 ஜனவரியில் அப்படி ஒரு கொண்டாட்டத்தின்போது ஒரு ரசிகர் ஓடும் லாரியிலிருந்து விழுந்து இறந்தார். அதன்பின் தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை ஒன்பது மணிக்குத்தான். அண்டை மாநிலங்களில் விடியற்காலையே படம் ஓடி, கதை முழுவதும் செல்போனில் வந்துவிடுகிறது என்ற புலம்பல் ஒவ்வொரு பெரிய படத்துக்கும் கேட்கிறது. புலம்பட்டும். பிள்ளைகள் முழுசாக வீடு திரும்புவது பெற்றவர்களுக்கு முக்கியம்.

நடுவயதுக்காரர்களின் கணக்கு வேறு. அவர்கள்தான் நிஜமாகவே கணக்குப் போடுகிறவர்கள். 2017-ல் அரசு மல்டிபிளக்ஸ்களுக்கு விதித்த உச்சவரம்பு, வரி நீங்கலாக 150 ரூபாய். மும்பை, பெங்களூருவோடு ஒப்பிட்டால் இது மலிவுதான். அதற்குமுன் சத்யத்திலேயே முன்வரிசையில் பத்து ரூபாய் டிக்கெட் இருந்தது. அதற்காகவே காலையில் சீக்கிரம் வந்து நின்ற பையன்கள் இன்று மேலாளர் பதவியில் இருப்பார்கள். ஆனால், நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு டிக்கெட் என்பது செலவின் ஆரம்பம் மட்டுமே. முன்பதிவுக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம், ஆட்டோ, இடைவேளையில் பிள்ளைகளின் பிடிவாதம். பாப்கார்ன் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை போதாது. வீட்டிலிருந்து முறுக்கு டப்பாவோடு போன காலத்தில் இடைவேளை என்பது செலவில்லாத பத்து நிமிடம். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நான்கே வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. ஒரு மாதச் சந்தாவுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிற அம்மா, "கொஞ்சம் பொறுங்க" என்றுதான் சொல்வார்.

குழந்தைகள் விஷயத்தில் பணம் மட்டும் தடையில்லை. முன்பெல்லாம் கைக்குழந்தைக்கும் டிக்கெட் இல்லை, மடியில் உட்காரும் பிள்ளைக்கும் டிக்கெட் இல்லை. கிழிப்பவர் குழந்தையின் உயரத்தைப் பார்த்து முடிவு செய்வார், அம்மா வயதைக் குறைத்துச் சொல்வார். இப்போது மல்டிபிளக்ஸில் மூன்று வயது ஆனால் தனி இருக்கை, தனி டிக்கெட். 2024 நவம்பரிலிருந்து தணிக்கைச் சான்றிதழிலேயே வயதுப் பிரிவுகள் கூடிவிட்டன: ஏழு வயதுக்கு மேல், பதின்மூன்றுக்கு மேல், பதினாறுக்கு மேல் என்று யுஏ மூன்றாகப் பிரிந்தது. 'ஏ' என்றால் பதினெட்டுக்குக் கீழ் அனுமதியே கிடையாது. 2025 ஆகஸ்டில் ரஜினிகாந்தின் 'கூலி' ஏ சான்றிதழோடு வந்தபோது இது பல வீடுகளில் உறைத்தது. தயாரிப்பு நிறுவனம் நீதிமன்றம் வரை போயும் சான்றிதழ் மாறவில்லை. தாத்தாவும் அப்பாவும் ரஜினி ரசிகர்கள். பேரனும் ரசிகன்தான், ஆனால் அவனுக்குப் பத்து வயது. ரஜினி படம் என்றால் மூன்று தலைமுறையும் சேர்ந்து போவது என்ற பழக்கம் இருக்கிற ஊரில், யாராவது ஒருவர் வீட்டில் இருந்து அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. விதி சரியானதே. ரத்தம் தெறிக்கிற காட்சியைப் பத்து வயதில் பார்த்தே ஆக வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. கேட்க வேண்டியது, பத்து வயதுக்காரனும் எழுபது வயதுக்காரரும் சேர்ந்து பார்க்கும்படி பெரிய நடிகர்களின் படங்கள் ஏன் வருவதில்லை என்பதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலுக்குப் போனால் இன்றைய குடும்பம் எப்படிச் சினிமா பார்க்கிறது என்பது புரிந்துவிடும். மேல்தளத்தில் எஸ்கேப், எட்டுத் திரைகள். கீழே நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில், சாப்பாட்டுக் கடைகளின் ஓரத்தில், கண்ணாடித் தடுப்பை ஒட்டிய நாற்காலிகளில் வரிசையாகப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மடியில் தூங்குகிற குழந்தை, பக்கத்தில் மடக்கிய தள்ளுவண்டி, பையில் ஃபிளாஸ்க். மகனும் மருமகளும் மேலே படத்தில் இருக்கிறார்கள். குடும்பத்தில் எல்லோரும்தான் மாலுக்கு வந்திருக்கிறார்கள். உள்ளே போனது நடுத் தலைமுறை மட்டும்.

அவர்களில் ஒரு பாட்டி, எதிரே பெரிய திரையில் திரும்பத் திரும்ப ஓடுகிற டிரெய்லரை ஒலி இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து நாற்காலிப் பாட்டியிடம், தான் கல்யாணம் ஆன புதிதில் சாந்தியில் பார்த்த படங்களின் கணக்கைச் சொல்கிறார். அந்த அம்மாள் ஆனந்த் தியேட்டர் கட்சி, விடவில்லை. இரண்டரை மணி நேரத்தில் இரண்டு பேருக்கும் பத்துப் படத்துக்கு மேல் பேசி முடிந்துவிட்டது. படம் விட்டுக் கூட்டம் இறங்குகிறது. மகன் வந்து தள்ளுவண்டியை விரிக்கிறான்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா. நாலு வாரத்துல வந்துடும், வீட்லயே போட்டுத் தரேன்."

"முடிவை மட்டும் சொல்லிடாதே" என்கிறார் பாட்டி. குழந்தையின் காலில் கழன்று தொங்குகிற காலுறையை இழுத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்.